சூடு தாங்குமா உங்கள் பிரேக்?

ஸ்போர்ட்ஸ் காருக்கு பேட், டிஸ்க் மாற்ற நினைப்பவர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் ட்ராக் 1990-லிருந்து இயங்கிவருகிறது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர்; 12 வளைவுகள். சொந்தக் காரை அங்கே முதன்முறையாக முழு வேகத்தில் ஓட்டுகிறவருக்கு, சாலையில் ஒருநாளும் தெரிந்திராத ஓர் உண்மை நாலைந்து சுற்றுகளிலேயே தெரிந்துவிடும். முதல் சுற்றில் கால் பட்டதுமே கவ்விய பிரேக் இப்போது இன்னும் ஆழமாக மிதிக்கச் சொல்கிறது. அடுத்த வளைவில் பெடல் பஞ்சுபோல உள்ளே போகிறது. சக்கரத்தருகே கருகிய வாடை. நல்லவேளையாக, வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று மெதுவாக வந்தால் பெரும்பாலும் பிரேக் திரும்பக் கிடைத்துவிடும்.

அன்று மாலையே பலர் கடைக்குப் போன் செய்கிறார்கள். துளை போட்ட டிஸ்க், சிவப்பு காலிப்பர், பெரிய பிரேக் கிட் என்று பட்டியல் நீள்கிறது. லட்சங்கள் செலவாகின்றன. அடுத்த முறை ட்ராக்குக்குப் போனால் ஐந்தாவது சுற்றில் பெடல் மறுபடியும் உள்ளே போகிறது. காரணம், கொதித்தது பிரேக் ஆயில்; மாற்றியதோ டிஸ்க்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பிரேக்கை மேம்படுத்துவது என்பது சூட்டைச் சமாளிப்பது. எந்தப் பாகம் எந்தச் சூட்டில் தோற்கிறது என்று கண்டுபிடித்து, தோற்பதை மட்டும் மாற்ற வேண்டும். அந்த வரிசையில் ஆயில் முதலில் வரும், பேட் இரண்டாவது. டிஸ்க் அதற்கும் பின்னால்தான். பார்வைக்குப் பளிச்சென்று தெரிவது எதுவோ அதுவே பெரும்பாலும் கடைசியில் நிற்கும்.

ஒரு மிதிக்கு எவ்வளவு சூடு?

போர்ஷே 911 கரேராவை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 1,500 கிலோ. 100 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 0.58 மெகாஜூல். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும், 200 கி.மீ. வேகத்தில் அது 2.3 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் கிட்டத்தட்ட 8 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அடுப்பில் ஏற்றினால் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். பிரேக்கோ அந்த ஆற்றல் முழுவதையும் ஆறு விநாடிக்குள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். சராசரியாகக் கணக்கிட்டால் 400 கிலோவாட். இதே காரில் 2024 வரை வந்த 385 குதிரைசக்தி எஞ்சின் தந்தது 283 கிலோவாட்தான். காரில் இருப்பதிலேயே சக்தி வாய்ந்த உறுப்பு எஞ்சின் அல்ல, பிரேக்.

இந்த வெப்பம் எங்கே போகிறது? பெரும்பகுதி டிஸ்க்கின் இரும்புக்குள் போகிறது. 200-லிருந்து 80-க்கு ஒரே மிதியில் வேகத்தைக் குறைத்தால் 1.9 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் பிறக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கை முன்சக்கர டிஸ்க்குகள் ஏற்பதாகவும், ஒவ்வொரு டிஸ்க்கும் 10 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு மிதியிலேயே டிஸ்க்கின் வெப்பம் சுமார் 130 டிகிரி ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் காற்று அதில் ஒரு பகுதியைத்தான் இறக்கியிருக்கும். மிச்சத்தின்மேல் அடுத்த மிதி. இப்படிப் படிப்படியாக ஏறி, வெப்பம் 500, 600 டிகிரி வரை போவது ட்ராக்கில் சகஜம். நகரத்தில் ஓட்டும்போது அதே டிஸ்க் 200 டிகிரியைத் தாண்டுவதே அபூர்வம்.

ட்ராக்குக்கு ட்ராக் கணக்கும் மாறும். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான நேர்ப்பாதை உண்டு. அதன் முடிவில் விழும் ஒரே மிதி பெரியது. ஆனால் ஆறுவதற்கு இடைவெளியும் கிடைக்கும். கோவை செட்டிப்பாளையத்தின் காரி ஸ்பீட்வேயில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர்தான். வேகம் குறைவு என்றாலும் வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிரேக்குக்கு மூச்சுவிட நேரமில்லை. உங்கள் கார் எங்கே ஓடப்போகிறது என்று தெரியாமல் பேட் வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

நிறுத்துவது டயர்

கடைக்காரர் எதைச் சொன்னாலும், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே ஒரு முறை பிரேக் அடித்து நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்பதை முடிவு செய்வது டயரும் சாலையும்தான். பெடலை ஓங்கி மிதித்தால் ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்குகிறதா? அப்படியானால் உங்கள் பிரேக்கின் பலம் டயரின் பிடிமானத்தைவிட ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு மிதியில் கார் முன்கூட்டி நிற்காது.

கணக்காகவே பார்க்கலாம். டயர் 1 ஜி அளவுக்குப் பிடித்தால் 100-லிருந்து நிற்க 39 மீட்டர் வேண்டும். நல்ல டயர் 1.1 ஜி பிடித்தால் 36 மீட்டர் போதும். இந்த மூன்று மீட்டரை டயர் தரும், டிஸ்க் தராது. டிஸ்க்கும் பேட்டும் தருவது வேறு. இருபதாவது மிதியும் முதல் மிதியைப் போலவே இருக்கும், அவ்வளவுதான். ட்ராக்கில் உயிரைக் காப்பது அந்த ‘அவ்வளவுதான்’.

பெடல் சொல்லும் நோய்

பிரேக் ‘பிடிக்கவில்லை’ என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் இவை வெவ்வேறு நோய்கள். காலுக்கு வித்தியாசம் தெரியும்.

பெடல் மென்மையாகி, தரை வரை போகிறது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது. திரவம் அழுத்தத்துக்கு அடங்காது. ஆனால் கொதித்த ஆயிலில் உண்டாகும் ஆவிக்குமிழ் அடங்கும். மிதிக்கிற அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், காலிப்பர் வரை போய்ச் சேராது.

பெடல் கல்லாக இருக்கிறது, ஆனாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் குற்றவாளி பேட். அதன் பொருள் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பேட்டிலுள்ள பிசின் எரிந்து வாயுவாகி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். புது பேட்டைப் பழக்காமலே ட்ராக்கில் முழு வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் உதறுவது. இதற்கு டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லிக் கடையச் சொல்வது நம் ஊரில் வழக்கம். அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், பின்னால் வருகிறேன்.

முதல் செலவு, சின்னச் செலவு

பிரேக் ஆயில் கிளைகால் சார்ந்த திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டாட் 4 ரக ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. அதில் 3.7 சதவிகிதம் தண்ணீர் கலந்துவிட்டால் வெறும் 155 டிகிரி. டாட் 5.1 ரகத்துக்கு இவை 260, 180. சென்னை போன்ற கடலோரக் காற்றில் இரண்டு மூன்று ஆண்டுகளாக மாற்றப்படாத ஆயில், மேலே சொன்ன ட்ராக் வெப்பத்தின் முன்னால் நிற்க வாய்ப்பே இல்லை. டிஸ்க் 600 டிகிரியில் இருக்கும்போது பேட், பிஸ்டன் வழியாக அந்த வெப்பம் ஆயிலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

பந்தயத்துக்கென்றே வரும் ஆயில்களின் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல். காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப்., மோட்டுல் ஆர்.பி.எஃப். 600, 660 ஆகியவை ட்ராக்கில் பழகிய பெயர்கள். டாட் 4 காரில் இவற்றை ஊற்றலாம். டாட் 5 என்ற பெயரில் வரும் சிலிக்கான் ஆயிலை மட்டும் தவறியும் கலக்கக் கூடாது. எண் ஏறினால் தரமும் ஏறும் என்று நினைத்து அதை ஊற்றிவிடுகிற ஆபத்து உண்டு. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்து, புதிதாக நிரப்ப ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அரைநாள் போதும். முதல் ட்ராக் நாளுக்கு முன்னால் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பேட்: தேர்வின் மையம்

இரும்புத் தகட்டில் ஒட்டிய கறுப்புக் கட்டி என்றுதான் பேட் பார்வைக்குத் தெரியும். உள்ளே பிசின், நார், உலோகத்தூள், கிராஃபைட், உராய்வுப்பொடி எனப் பல பொருள்கள். ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸும் இருந்தது. நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் பல நாடுகள் அதை ஒதுக்கின. இன்றைய கார் பேட்களைப் பொதுவாக மூன்று குலமாகப் பிரிக்கலாம். ஆர்கானிக் பேட் சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது, சூட்டுக்கு முதலில் தோற்கும். செராமிக் பேட் தூசி குறைவாகக் கொட்டும், அலாய் வீல் சுத்தமாக இருக்கும், பெரும்பாலும் சாலைக்கானது. செமி மெட்டாலிக் பேட் வெப்பம் தாங்கும். ட்ராக் பேட்களில் பல இந்தக் குலத்திலிருந்து வருபவை. ‘செராமிக்’ என்ற பெயரைப் பார்த்து, கார்பன் செராமிக் டிஸ்க்கோடு அதற்கு உறவு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் முற்றிலும் வேறு.

பேட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி வரை வேலை செய்யும் என்பது. காரோடு வரும் பேட், உறைபனி வெப்பத்திலிருந்தே பிடிக்கும். 350, 400 டிகிரியை நெருங்கும்போது தளர ஆரம்பிக்கும். சாலைக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கும் பேட்கள் 500, 550 டிகிரி வரை தாங்கும். முழுப் பந்தய பேட் 700-ஐத் தாண்டியும் சளைக்காது. ஆனால் அது சரியாகப் பிடிக்கத் தொடங்கவே நூறு, இருநூறு டிகிரி சூடு ஏற வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ‘ரேஸ் பேட்தான் எல்லாவற்றிலும் சிறந்தது, அதையே போட்டுவிடலாம்’ என்ற எண்ணம் ஆபத்தானது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி அண்ணா சாலையின் முதல் சிக்னலில் பிரேக் அடிக்கும்போது டிஸ்க்கின் வெப்பம் 40 டிகிரி. குறுக்கே ஒரு ஸ்கூட்டர் வருகிறது. அந்த நேரத்தில் ரேஸ் பேட்டைவிட, கம்பெனி கொடுத்த சாதாரண பேட் நன்றாகப் பிடிக்கும். இதில் பேட்டுக்குக் குறை ஒன்றுமில்லை, அது வேறு வேலைக்குப் பிறந்தது. சூடேறாத ரேஸ் பேட் டிஸ்க்கையும் அரத்தைப்போல அராவும், கிறீச்சிடும், கரும் தூசியைக் கொட்டும். அந்தத் தூசியில் இருக்கும் உலோகம் ஈரம் பட்டால் சக்கரத்தின் பெயின்ட்டை அரிக்கும்; உடனே கழுவ வேண்டும்.

அதனால் என் தீர்ப்பு இது. சாலையில் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு கம்பெனி பேட்டே போதும். தூசி தொந்தரவு என்றால் செராமிக். ஆண்டுக்குச் சில முறை ட்ராக்குக்கும் போய், அதே காரில் வீடும் திரும்புகிறவர்களுக்கு நடுவில் நிற்கும் பேட், ஃபெரோடோவின் டி.எஸ். 2500, ஈ.பி.சி.யின் யெல்லோஸ்டஃப் போன்றவை இந்த இடத்துக்குரியவை. அடிக்கடி ட்ராக் ஓடுகிறவர்கள் இரண்டு செட் பேட் வைத்துக்கொள்ளட்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் காலிப்பரில் இரண்டு ஊசியைத் தட்டி எடுத்தால் பேட் வெளியே வந்துவிடும். போனதும் ரேஸ் பேட்டைப் போட்டு, கிளம்பும்போது பழையதை மாட்டிக்கொண்டு வருவது பத்திரமான வழி, டிஸ்க்குக்கும் நல்லது. ஆனால் இரண்டு பேட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் கலவையா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று விட்டுப்போன படலத்தின்மேல் இன்னொன்று ஒட்டாமல் போனால் உதறல் வரும்.

சில பேட்களின் விளிம்பில் எஃப்.எஃப்., ஜி.எஃப். என இரண்டு எழுத்துகள் அச்சாகியிருக்கும். அமெரிக்க எஸ்.ஏ.இ. முறை அது. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்பதைக் காட்டும், இரண்டாவது சூடான நிலையில். ஈ என்றால் உராய்வு 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே இருந்தால் சூட்டில் தளரும் பேட். ஆனால் இந்தச் சோதனை ட்ராக்கின் உச்ச வெப்பம்வரை போவதில்லை. அதனால் சாலை பேட்டைக் கழித்துக்கட்ட இது உதவும், ட்ராக் பேட்டைத் தேர்ந்தெடுக்கப் போதாது. ஐரோப்பாவின் ஆர் 90 முத்திரை இன்னொரு நல்ல அடையாளம். மாற்று பேட்டின் செயல்திறன், கம்பெனி பேட்டிலிருந்து 15 சதவிகிதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதி. சாலைக்கு வாங்கும் பேட்டில் இந்த முத்திரை இருப்பது நிம்மதி.

உராய்வு எண் பெரிதாக இருப்பதே சிறப்பு என்றும் இல்லை. கால் பட்டதும் வெடுக்கென்று பிடிக்கும் பேட் முதல் நாளில் பிரமாதமாகத் தோன்றும். வளைவுக்குள் நுழைந்தபடியே பிரேக்கை மெல்ல மெல்ல விடுகிற ஓட்டுநருக்கு அந்த வெடுக்கு எதிரி. எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு பிடிக்க வேண்டும், விடும்போதும் அதே அளவில் விட வேண்டும். தேர்ந்த ஓட்டுநர்கள் தேடுவது அதைத்தான்.

ஒரே அச்சில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் போடுவது உண்டு. ஆனால் பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிட வலுவான பேட் போட்டால், ஓங்கி பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் முந்திப் பூட்டிக்கொண்டு கார் சுழலும். ஏ.பி.எஸ். எல்லா நேரமும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

டிஸ்க்: துளையா, கோடா, வெறுமையா?

டிஸ்க் பிரேக் தன் பெயரை நாட்டியது லெ மான் பந்தயத்தில். 1953-ல் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு ஓடிய ஜாகுவார் சி டைப், டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரின் கையில் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் டிரம் பிரேக் கார்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஜாகுவார் இன்னும் தள்ளிப் போய் பிரேக் அடித்தது, அதுவும் இரவு பகலாக. சூட்டை வெளியே காற்றில் விடுகிற அமைப்பு, சூட்டை உள்ளே அடைத்துவைக்கிற அமைப்பை வென்ற கதை அது.

இன்றைக்கும் டிஸ்க்கின் வேலை அதேதான். வெப்பத்தை வாங்கித் தேக்கி, காற்றுக்குத் தர வேண்டும். தேக்குவதற்கு எடை வேண்டும், தருவதற்கு உள்ளே காற்றுப்பாதை வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத எந்த அலங்காரமும் டிஸ்க்கில் வீண்.

துளை போட்ட டிஸ்க்கைப் பாருங்கள். பழைய பேட்கள் நிறைய வாயு கக்கின. அது வெளியேற துளை உதவியது. மழையில் தண்ணீர்ப் படலத்தை விலக்கவும் உதவும். ஆனால் ஒவ்வொரு துளைக்கும் இரும்பு குறைகிறது, தேக்கும் திறனும் குறைகிறது. திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. கார்க் கம்பெனிகள் வடிவமைப்பிலேயே திட்டமிட்டுச் செய்யும் துளை வேறு. சாதாரண டிஸ்க்கை வாங்கி டிரில் போட்டு விற்கும் மலிவுச் சரக்கு வேறு. இரண்டாவதை ட்ராக்குக்குக் கொண்டுபோகவே கூடாது.

கோடு கீறிய டிஸ்க் நியாயமான சமரசம். பேட்டின் மேற்பரப்பை அது துடைத்துக்கொண்டே இருக்கும். வாயுவும் தூசியும் வெளியேறும். பிடிப்பு ஒரே சீராக இருக்கும். விலையாக பேட் சற்று வேகமாகத் தேயும், லேசான முனகல் கேட்கும். வெறுமையான, நல்ல தரமான, உள்காற்றோட்டம் உள்ள டிஸ்க்கைப் போட்டு, மிச்சப் பணத்தை பேட்டில் போடுவது பெரும்பாலானவர்களுக்கு இன்னும் நல்ல கணக்கு.

காற்றுப்பாதைத் தகடுகள் வளைந்திருக்கும் டிஸ்க் என்றால் இடது, வலது வேறு வேறு. சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாகத் தள்ள வேண்டும். அதற்குத் தகட்டின் வெளிமுனை சுழலும் திசைக்கு எதிராகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேலே தெரியும் கோட்டின் சாய்வை வைத்துத் திசையைத் தீர்மானித்து மாட்டினால் தவறிவிடக்கூடும். ஓரத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து, தகட்டை வைத்தே தீர்மானியுங்கள்.

அடுத்த படி, இரண்டு துண்டாக வரும் டிஸ்க். நடுத்தொப்பி அலுமினியம், உராயும் வளையம் இரும்பு. சூட்டில் வளையம் தாராளமாக விரிந்துகொள்ளும், தொப்பி இழுத்துப் பிடிக்காது. எடையும் குறையும். வளையம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். தொடர்ந்து ட்ராக் ஓடுகிறவருக்கு இது உண்மையான மேம்பாடு.

கார்பன் செராமிக் பற்றிக் கேட்காதவர் இல்லை. போர்ஷே 2000-களின் தொடக்கத்தில் 911-ல் கொண்டுவந்தது. மஞ்சள் காலிப்பர் அதன் அடையாளம். இரும்பு டிஸ்க்கில் கிட்டத்தட்டப் பாதி எடை, துரு இல்லை, தூசி மிகக் குறைவு. சாலையில் ஆண்டுக்கணக்காக உழைக்கும். ஆனால் சக்கரம் கழற்றும்போது இடித்தால் விளிம்பு உடையும். ட்ராக்கில் தொடர்ந்து வதைத்தால் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து தேயும். மாற்ற வேண்டிவந்தால் லட்சங்கள். போர்ஷே தன் பந்தய காரான 911 ஜி.டி.3 கப்பில் இரும்பு டிஸ்க்தான் போடுகிறது. பந்தய வாரம் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பாகம் கட்டுப்படியாகிற விலையில் இருக்க வேண்டும். ட்ராக் நாளுக்காகவே கார் வாங்குகிறவர் இதைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

பெரிய பிரேக் கிட்

ஆயிலும் பேட்டும் மாற்றிய பிறகும், காற்றுக்குழாய் வைத்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்று அனுப்பிய பிறகும், வெப்பம் அடங்கவில்லை என்றால்தான் பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர். எஞ்சின் சக்தியைக் கூட்டியவர்களுக்கும் எடை மிகுந்த கார்களுக்கும் இந்த நிலை வரும். அப்போதும் முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன்பின் சமநிலை குலையும். காலிப்பர் பிஸ்டனின் பரப்பு மாஸ்டர் சிலிண்டருக்குப் பொருந்தாவிட்டால் பெடல் நீளமாகும். உங்கள் மாடலுக்கென்றே கணக்கிட்டுச் செய்த கிட்டாக வாங்குங்கள். பிரெம்போ, ஏ.பி. ரேஸிங் போன்றவை மாடல் வாரியாகத் தருகின்றன. கிட் வாங்குமுன் தயாரிப்பாளர் தரும் காகித அச்சை வெட்டிச் சக்கரத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஸ்டெப்னி வீல் அதன்மேல் ஏறுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். காலிப்பரின்மேல் ஒட்டும் அலங்கார மூடிகள் இருந்தால் கழற்றிவிடுங்கள். சூடு வெளியேற வேண்டிய இடத்தில் அவை போர்வை.

டிஸ்க் உண்மையில் வளைகிறதா?

இப்போது அந்த உதறல் விஷயம். பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வளைந்ததாகச் சொல்லப்படும் டிஸ்க்குகள் பெரும்பாலும் வளைந்தவை அல்ல. பேட்டின் பொருள் அவற்றில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது என்பது அவர் வாதம். சூடான டிஸ்க்கை நிறுத்தி, காலைப் பெடலிலேயே வைத்திருந்தால் பேட் அங்கே ஒரு அச்சைப் பதித்துவிடும். அந்தத் திட்டு மற்ற இடத்தைவிட அதிகம் சூடேறும். சூடேறினால் அங்கே இரும்பு சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறும். மாறிய பிறகு கடைந்தாலும் உதறல் திரும்பி வரும்.

இதைத் தவிர்க்கத்தான் பேட்டைப் பழக்குகிற சடங்கு. நல்ல பேட், தன்னில் ஒரு மெல்லிய படலத்தை டிஸ்க் முழுவதும் சமமாகப் பூசிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் படலத்தின்மேல்தான் பிடிக்கும். பொதுவான முறை இது: 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, நடுத்தர அழுத்தத்தில், முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை. நடுவில் வாடை வரும், பிடி சற்றுத் தளரும், அது இயல்பு. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே வேதம். இதைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டாம். ட்ராக்கில் முதல் ஓட்டத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள்.

மாட்டும்போதே இன்னொன்று. ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் டிஸ்க் நேராக உட்காராது. 0.05 மி.மீ. கோணல் போதும், சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் வந்துவிடும். கம்பித் தூரிகையால் ஹப்பைச் சுத்தம் செய்ய ஆகும் ஐந்து நிமிடத்தை மெக்கானிக் மிச்சம் பிடிக்க விடாதீர்கள்.

மலைக்கு வேறு மருந்து

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர் படும் பாடு, ட்ராக்கில் ஓடுபவர் படும் பாடு அல்ல. வேகம் குறைவு, ஆனால் கால் பெடலைவிட்டு எழுவதில்லை; மெதுவாக ஓடுவதால் டிஸ்க்குக்குக் காற்றும் கிடையாது. இதற்கு பேட் மாற்றுவது மருந்தல்ல. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ளுங்கள். பெடலை விடாமல் தடவிக்கொண்டே இறங்காமல், அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

பிரேக் தொழிலில் சென்னை சாதாரண ஊர் அல்ல. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் வந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அவற்றோடு ரானே பிரேக் லைனிங் எல்லாம் இங்கிருந்து வளர்ந்தவை. அன்றாட காருக்கு இவர்களின் சரக்கே நம் தெருக்கோடிவரை கிடைக்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கான வெளிநாட்டு பேட்தான் சிக்கல். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் போலியாக இருக்கலாம். போலி பேட் தேய்வதோடு நிற்காது; கட்டி தகட்டைவிட்டு பெயர்ந்து வரும். அந்த பிராண்டின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் விசாரித்தாலும் இணையத்தில் விசாரித்தாலும் பெட்டியின் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள்.

டிஸ்க்கின் ஓரத்திலோ தொப்பியிலோ குறைந்தபட்ச தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டும், கடைவதற்கு இடமில்லை. ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழைக் கோடுகள் இருக்கலாம். நகம் சிக்கும் விரிசலோ, விளிம்பைத் தொட்ட விரிசலோ தெரிந்தால் அந்த டிஸ்க்கோடு வீடு திரும்பவே கூடாது. பேட் பாதி தேய்ந்ததுமே ட்ராக்குக்கு அது முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த பேட் சூட்டை ஆயிலுக்கு இன்னும் வேகமாகக் கடத்தும்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நம் நாட்டு வாகனக் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக விலக்கப்பட்டவை. ட்ராக்கில் நடக்கும் சேதத்துக்கு அது கைகொடுக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். மாற்றிய பாகங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் குனிந்து நான்கு டயரையும் பாருங்கள். பட்டன் தேய்ந்திருந்தாலோ, ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்திருந்தாலோ, பிரேக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் டயர் வாங்குங்கள். மிச்சத்தில் ஆயில். பேட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை ட்ராக் பக்கம் போக வேண்டாம்.